ஆப்பிள் மரத்தடிப் புல்

நௌனி

இமாச்சலப் பிரதேசத்துக்கு ஏப்ரல் மாதத்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே மலையேறுகிறார்கள். அதில் தப்பில்லை. சோலனைத் தாண்டினால் தாழ்ந்த சரிவுகளில் பீச்சும் பிளம்மும் பூத்து முடித்துப் பிஞ்சு விட்டிருக்கின்றன. மேலே போகப் போக ஆப்பிள் மொட்டுகள் இளஞ்சிவப்பாகத் திரண்டு நிற்கின்றன. இன்னும் மேலே, பனி இப்போதுதான் உருகிய இடங்களில், மரங்கள் வெறும் கிளைகளோடு இருக்கின்றன. பழமரத்தின் மூன்று மாத வாழ்க்கையை ஒரே பகலில் பார்த்துவிடலாம். ஆனால் இந்தப் பூவெல்லாம் காயாகுமா என்பதை மரத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மரத்தடியில், களை என்று பெயர் சூட்டி வெட்டியும் மருந்தடித்தும் ஒழிக்கிற செடிகளுக்கும் அதில் பங்குண்டு. இந்த வழியில் போகிறவர் அவ்வப்போது குனிந்தும் பார்க்க வேண்டும்.

தோட்டக்கலைக்கும் வனவியலுக்குமாக 1985இல் தொடங்கிய டாக்டர் ஒய்.எஸ். பர்மார் பல்கலைக்கழகம் நௌனியில் இருக்கிறது. மாநிலத்தின் முதல் முதலமைச்சரின் பெயரைத் தாங்கிய இந்த இடம், ஆப்பிளின் கல்யாண குணம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளப் பொருத்தமான தொடக்கம். இங்கே பெருவாரியாகப் பயிராகும் ராயல் டெலிசியஸ் போன்ற இனங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காதவை. வேறோர் இனத்து மரத்திலிருந்து மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். அந்த மகரந்தமும் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது. பூச்சிதான் சுமக்க வேண்டும்.

வேலை சரியாக நடந்ததா என்பதைப் பழத்தை வெட்டிப் பார்த்தே சொல்லலாம். காம்பிலிருந்து நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டினால் நடுவில் ஐந்து அறைகள் நட்சத்திரமாகத் தெரியும். சாதாரணமாக அறைக்கு இரண்டாகப் பத்து விதைகள் வரை இருக்கும். ஒவ்வொரு விதையும் சூல்முடியில் வந்து சேர்ந்த ஒரு மகரந்தத் துகளின் பலன். அறை காலியாகவோ விதை சூம்பியோ இருந்தால் அந்தப் பக்கத்துச் சதை சரியாகத் திரளாது. பழம் ஒரு பக்கம் சாய்ந்து கோணலாகிவிடும். பெட்டியில் அடுக்கும்போது முதல் தரத்திலிருந்து அது கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே தேனீ செய்யும் காரியம் எத்தனை காய் என்பதோடு நிற்பதில்லை. எந்த விலைக்குப் போகும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

தியோக் முதல் நார்க்கண்டா வரை

சிம்லாவைக் கடந்து தியோக் பக்கம் வந்தால் காலிஃபிளவரும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் படிப்படியான வயல்களில் நிற்கின்றன. அவற்றுக்கு மேல் ஆப்பிள் தொடங்குகிறது. பல தோட்டங்களில் மரத்துக்கு மேலே ஆலங்கட்டி வலை சுருட்டிக் கட்டியிருக்கிறது. ஒரு மழையில் ஒரு வருஷத்து உழைப்பு போய்விடும் ஊர் இது. பூக்காலத்தில் இந்தப் பக்கத்தில் காணக்கூடிய ஒரு வழக்கத்தை நம்மூர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மகரந்தம் தரும் இனங்களான கோல்டன் டெலிசியஸ் போன்றவற்றின் பூத்த கிளைகளை வெட்டி, தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பையில் செருகி, ராயல் மரத்தின் கிளைகளில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நல்ல விலை போகும் இனத்தையே நெருக்கி நட்டுவிட்டு மகரந்த மரத்துக்கு இடம் விடாமல் போன தோட்டங்களில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. தோட்டத்தில் நான்கில் ஒன்றோ மூன்றில் ஒன்றோ மகரந்த மரமாக இருக்க வேண்டும் என்கிற அறிவுரைக்கும், காசு வருகிற மரத்தையே நட வேண்டும் என்கிற ஆசைக்கும் நடுவில் தொங்குகின்றன அந்தப் பைகள்.

பைக்குப் பக்கத்திலேயே தேனீப் பெட்டி. தோட்டக்கலைத் துறையும் தனியார் வளர்ப்பாளர்களும் பூக்காலத்துக்கு மட்டும் பெட்டிகளை வாடகைக்குத் தருகிறார்கள். இந்துகுஷ் இமயமலை நாடுகளின் ஆப்பிள் பள்ளத்தாக்குகளில் மகரந்தம் சேராமல் விளைச்சல் விழுவதைப் பற்றி உமா பர்தாப், தேஜ் பர்தாப் இருவரும் 2002இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். சீனாவின் மாவ்சியன் மாவட்டத்தில் மனிதர்களே மரமேறிப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பதையும், இமாச்சலத்தில் வாடகைப் பெட்டிகள் பெருகுவதையும் அந்த அறிக்கை ஒருசேரக் காட்டியது. இமாச்சலத்தின் வழி மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பதுபோல, வேண்டிய நாளில் எடுத்து மறுநாள் திருப்பிவிடலாம் என்ற எண்ணமும் அதோடு வளர்ந்துவிட்டது. தேனீ அப்படிப்பட்ட பொருள் அல்ல.

ஏன் அல்ல என்பதற்கு நாள்கணக்கே போதும். முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம். அடுத்த மூன்று வாரம் அது கூட்டுக்குள்ளேயே புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது என்று இருக்கும். அதற்குப் பிறகுதான் பூவுக்குப் போகும். ஏப்ரல் நடுவில் ஆப்பிள் பூவில் உட்காரும் தேனீ, மார்ச் தொடக்கத்தில் இட்ட முட்டை. அந்த முட்டையை இடும்படி ராணியைத் தூண்டியதும், புழுவை வளர்த்ததும் அன்றைக்குக் கூட்டுக்கு வந்த மகரந்தம். மார்ச்சில் இந்த உயரத்தில் ஆப்பிள் பூப்பதில்லை. எங்கேயாவது கடுகு இருக்கலாம், பாதாம் இருக்கலாம். மற்றபடி வரப்போரத்து டேண்டிலியனும் தரையோடு படர்ந்த சிறு வெள்ளைப் பூச்செடிகளும் காஷ்மல் முட்புதருமே கதி. சமவெளியின் கடுகு வயலில் வளர்ந்து லாரியில் வரும் இத்தாலியத் தேனீக்கு இந்தக் கணக்கு வேறு மாநிலத்தில் முடிந்துவிடுகிறது. மலையிலேயே குடியிருக்கும் அடுக்குத் தேனீக்கும், நிலத்தில் வளை தோண்டி வாழும் தனித்தேனீக்கும், பூ ஈக்கும் அது மரத்தடியில்தான் நடக்கிறது.

இதற்கு உடனே வரும் பதில்: வெளியூர்ப் பெட்டியே போதுமே, உள்ளூர்ப் பூச்சி எதற்கு? 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று உலகெங்கும் 41 பயிர்ச் சூழல்களை ஒப்பிட்டது. வளர்ப்புத் தேனீ எவ்வளவு இருந்தாலும், காட்டுப் பூச்சிகள் வந்துபோகும் வயல்களில் காய்ப்பிடிப்பு கூடுகிறது என்று அது கண்டது. ஒன்று இன்னொன்றுக்கு மாற்றாகவில்லை. நார்க்கண்டா போன்ற உயரத்தில் இதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணமும் உண்டு. பூக்காலத்துக் காலைகள் குளிர்ந்தவை. மேகம் மூடினால் நாள் முழுக்கக் குளிர். இத்தாலியத் தேனீ பெட்டியைவிட்டு வெளிவரத் தயங்கும் அந்த நேரத்திலேயே அடுக்குத் தேனீ வேலையைத் தொடங்கிவிடுகிறது. பூத்திருக்கும் காலமே சுமார் இரண்டு வாரம் என்னும்போது காலையில் கிடைக்கும் அந்தக் கூடுதல் நேரம் சின்ன விஷயம் இல்லை.

கோட்கட், தானேதார்

நார்க்கண்டாவிலிருந்து தேவதாருக் காடு வழியாக இறங்கினால் கோட்கட். இந்த மலையின் பொருளாதாரத்தை மாற்றிய மனிதர் சாமுவேல் ஸ்டோக்ஸ் வாழ்ந்த பகுதி. பிலடெல்பியாவிலிருந்து 1904இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர், இங்கே மணம் முடித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, பின்னால் சத்யானந்த் ஆனார். அமெரிக்காவின் ஸ்டார்க் நாற்றுப்பண்ணை விற்ற ரெட் டெலிசியஸ் கன்றுகளை 1916 வாக்கில் அவர் இங்கே நட்டார். இனிப்பும் நிறமும் கொண்ட அந்தப் பழம், புளிப்பான பழைய ஆங்கிலேய இனங்களை ஓரங்கட்டியது. ஏழை மலையூர்கள் கல்வீடும் பள்ளிக்கூடமும் கண்டது அந்தக் கன்றுகளால்தான். அதை மறந்துவிட்டு ஒற்றைப் பயிரைக் குறை சொல்வது நியாயமாகாது.

அந்தச் செல்வம் வந்த வழியிலேயே களைக்கொல்லியும் வந்தது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் மண்ணைக் கொத்தி வட்டமாகப் பாத்தி அமைப்பதை இங்கே ‘தௌலியா’ என்கிறார்கள். எருவும் உரமும் அதற்குள் போகும். அங்கே புல் இருக்கக் கூடாது. இதில் வாதத்துக்கு இடமே இல்லை. ஆப்பிளின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் பரவுகின்றன. நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் மரத்தடிப் புல்லோடு போட்டியிட்டு இளமரம் ஜெயிக்காது. கோடை வறட்சியில் புல் குடிக்கும் தண்ணீர் காயின் பருமனில் குறையும். களையெடுப்பு தேவையா என்றால் தேவை. எங்கே, எப்போது, எதனால் என்பதுதான் பேச வேண்டியது. பாத்திக்குள் செய்ய வேண்டியதைத் தோட்டம் முழுவதும் செய்துவிடுவதில் கோளாறு தொடங்குகிறது. விசைத்தெளிப்பான் கையில் வந்ததும் பாத்தியின் எல்லை அழிந்துவிடுகிறது. மரத்துக்கு மரம் நடுவிலும், வரப்பிலும், கல்சுவர் இடுக்கிலும் ஒரே மூச்சில் அடித்துவிடுகிறார்கள். ஏப்ரலில் சில சரிவுகள் மேலே வெள்ளைப் பூவும் கீழே கருகிய பழுப்புமாகத் தெரிவது அதனால்தான்.

களைக்கொல்லி தேனீயைக் கொல்வதில்லையே என்று சொல்கிறவர்கள் ஓரளவு சரியாகவே சொல்கிறார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தாவரங்களிலும் பல நுண்ணுயிரிகளிலும் உள்ள ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதி பூச்சிக்கும் இல்லை, மனிதனுக்கும் இல்லை. பூச்சிமருந்து பட்ட தேனீ சுருண்டு விழுவதுபோல இதில் விழாது. ஆனால் தேனீயின் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அந்த நொதி உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரையில், கிளைபோசேட் கலந்த பாகு குடித்த தேனீக்களின் குடல் பாக்டீரியாக்கள் குறைந்ததையும், அந்தத் தேனீக்கள் நோய்க்கிருமிக்கு எளிதாகப் பலியானதையும் காட்டினார்கள். சோதனைக்கூட முடிவு அது; தோட்டத்தில் எந்த அளவுக்கு நடக்கும் என்பதில் விவாதம் தொடர்கிறது. அதை ஒதுக்கி வைத்தாலும் என் வாதம் குறையாது. களைக்கொல்லி செய்யும் பெரிய கேடு நஞ்சு வழியாக வருவதில்லை, பட்டினி வழியாக வருகிறது. மார்ச் மாதத்து மகரந்தத்தை அது தோட்டத்திலிருந்து துடைத்துவிடுகிறது.

சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் கிளைபோசேட்டுக்குப் பதிவு இருப்பது தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டுமே. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள்தான் அதைத் தெளிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. பழத்தோட்டத்தில் அடிப்பது அந்தப் பதிவுக்குள் வராது. விவசாயியைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அறுவடைக்கும் கவாத்துக்கும் நேபாளத்திலிருந்து வரும் கூலியாட்களை நம்பியிருக்கிற ஊர் இது. இளையவர்கள் சிம்லாவிலும் சண்டிகரிலும் இருக்கிறார்கள். நான்கு பேர் இரண்டு நாள் அரிவாளோடு செய்வதை ஒருவர் ஒரு காலையில் முடித்துவிடும்போது, புல்லை வெட்டு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பாத்தியை மட்டும் கொத்தி, நடுவில் உள்ளதைப் பருவத்துக்கு இரண்டு மூன்று முறை புல்வெட்டும் இயந்திரத்தால் மட்டப்படுத்தினால் போதும் என்பதுதான் நடக்கக்கூடிய வழி. தோள்பட்டையில் மாட்டும் இயந்திரம் பல வீடுகளில் ஏற்கனவே இருக்கிறது. சரிவு நிலத்துக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. 2023 மழைக்காலத்தில் மண்சரிவால் இந்த மாநிலம் பட்ட பாட்டைக் கண்டவர்கள், மேல்மண்ணைப் பிடித்து வைக்கும் புல்வேரை இலவசக் காப்பீடாகவே எண்ண வேண்டும்.

ஜலோரி கணவாய், பஞ்சார்

தானேதாரிலிருந்து சட்லெஜ் நதிக்கு இறங்கி, லூரியில் கடந்து, ஆனி வழியாக மறுபடி ஏறினால் 3,000 மீட்டருக்கு மேலே ஜலோரி கணவாய். வெயில் காயும் சட்லெஜ் கரையிலிருந்து கர்சு ஓக் காட்டுக்குள் நுழையும்போது வழியெல்லாம் புரான்ஷ் சிவப்பாகப் பூத்திருக்கிறது. நீலகிரிச் சோலைகளில் நாம் காட்டுப் பூவரசு என்று சொல்கிற மரத்தின் சொந்தக்காரன் அது. அதன் இதழ்களை அரைத்துப் புளிப்பாகத் துவையல் செய்கிறார்கள். கணவாய்க்கு அந்தப்புறம் ஜீபி, பஞ்சார் பகுதிகளில் அதோடு சித்து கிடைக்கும்: புளித்த கோதுமை மாவுக்குள் அக்ரோட்டோ கசகசாவோ அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். இட்லிக்குப் பழகிய நாக்குக்கு அந்தப் புளிப்பும் ஆவியும் அந்நியமாகவே இராது.

பஞ்சார் பக்கத்து வீடுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கல் ஒரு வரிசை, மரச்சட்டம் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கிய காத்குனிச் சுவர்கள். வெளிப்பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, விரல் நுழையும் அளவில் ஒரு துளை. அதில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருக்கும். சுவருக்குள் குடைந்த பொந்துதான் கூடு. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் ஒரு மரப்பலகை, விளிம்பில் சாணமும் மண்ணும் பூசி அடைத்தது. தேனெடுக்கும்போது பலகையைத் திறந்து, புகைபோட்டு, அடைகளில் சிலவற்றை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தைத் தேனீக்கு விடுகிறார்கள். அடுப்பின் கதகதப்பு சுவரில் ஏறிக் குளிர்காலத்தைக் கடத்திவிடுகிறது. இந்த அடுக்குத் தேனீயை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதில்லை, அது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்ளேயே இரை தேடும். அந்தச் சுற்றுக்குள் ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்று பூத்துக்கொண்டிருந்தாக வேண்டும். இலையுதிர்காலத்தில் சரிவுகளில் பூக்கும் பிளெக்ட்ராந்தஸ் புதர்தான் அதன் குளிர்காலச் சேமிப்பு. தோட்டத்தின் ஓரத்தை ‘சுத்தம்’ செய்யும்போது முதலில் போவது அந்தப் புதர்.

இங்கே மரத்தடிப் புல் நெடுங்காலம் களையாக இருந்ததே இல்லை. அது மாட்டுத் தீவனம். மழைக்காலம் முடிந்ததும் பெண்கள் அரிவாளோடு உட்கார்ந்து அறுத்து, உலர்த்தி, கட்டுக்கட்டாகப் பனிக்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறார்கள். முதுகில் புல்கட்டோடு செங்குத்தான பாதையில் ஏறும் பெண்கள்தான் இந்த மலையின் உண்மையான களை மேலாண்மை. எந்தத் திட்ட அறிக்கையும் அவர்கள் உழைப்பை அந்தக் கணக்கில் எழுதுவதில்லை. புல் அறுப்பது செப்டம்பருக்கு மேல் என்பதால் வெள்ளை குளோவரும் மற்ற பூண்டுகளும் பூத்து விதைத்துவிட அவகாசம் கிடைத்தது. குளோவர் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்து மண்ணுக்கும் கொடுத்தது. மாடு குறைந்து, புல்லுக்குத் தேவை குறைந்த பிறகுதான் அதே புல் தொல்லையாக மாறியது. பெண்கள் காலமெல்லாம் சுமக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அந்தப் பழைய ஏற்பாட்டின் காலக்கணக்கை மட்டும் இயந்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தோட்டக்காரர்கள் எழுப்பும் எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. மரத்தடியில் டேண்டிலியன் மஞ்சளாகப் பூத்திருந்தால் தேனீ ஆப்பிளை விட்டுவிட்டு அதற்குப் போகாதா? போகும். பெட்டியைச் சீக்கிரமே கொண்டுவந்து வைத்தால் தேனீ கீழே உள்ள பூவுக்குப் பழகிவிடும் என்பதால்தான், ஆப்பிள் பூக்கத் தொடங்கிய பிறகு பெட்டியை இறக்கச் சொல்கிறார்கள். ஆப்பிள் பூங்கொத்தில் நடுமொட்டுதான் முதலில் விரியும். நல்ல பழம் தருவதும் அதுவே. அந்த நடுமொட்டுகள் சிவந்து விரியப்போகும் வேளையில் ஒரு முறை புல்லை வெட்டிவிட்டால் போட்டி தீர்ந்தது. வேர் இருப்பதால் இரண்டு மூன்று வாரத்தில், ஆப்பிள் இதழ் உதிர்ந்து தேனீக்கு வேறு இரை இல்லாத நேரத்தில், கீழே மறுபடி பூக்கும். வெட்டியதும் வேரோடு கொன்றதும் பூக்காலத்தில் ஒரே பலனைத் தருகின்றன. மார்ச்சிலும் மே மாதத்திலும் அவற்றின் பலன் நேரெதிர்.

பந்த்ரோல், ராய்சன்

ஔட் சுரங்கத்தின் வழியாகக் குல்லு பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, பியாஸ் நதியோடு வடக்கே போனால் பந்த்ரோல். 1870 வாக்கில் கேப்டன் ஆர்.சி. லீ இங்கே போட்ட ஆப்பிள் தோட்டம் மாநிலத்தின் மிகப் பழைய தோட்டங்களில் ஒன்று. இன்று பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியில் குளிர் போதாமல் ஆப்பிள் பின்வாங்குகிறது. மாதுளை, பிளம், ஜப்பானியப் பழம் எனப்படும் பெர்சிமன் என்று மாறிவிட்டார்கள். ஆப்பிள் லாஹுல் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. மிஞ்சியிருக்கும் ஆப்பிளும் குட்டை மரங்களாக, கம்பிவேலியில் கட்டி, சொட்டுநீர் விட்டு, நெருக்கமாக நடப்படுகிறது. இந்த முறையில் வரிசைக்கு அடியில் ஒரு மீட்டர் பட்டை புல்லில்லாமல் இருக்கத்தான் வேண்டும், வேர் அத்தனை ஆழமற்றது. வரிசைகளுக்கு நடுவில் இருப்பது வேறு நிலம். அங்கே குளோவரை விதைத்து வெட்டிவருவதற்கு நெருக்க நடவில் எந்தத் தடையும் இல்லை. நேரான வரிசை என்பதால் இயந்திரத்துக்கு இன்னும் வசதி.

மரத்தடிப் புல் செம்பேனுக்குப் புகலிடமாகும் என்ற கவலையும் பொய்யில்லை. அகலிலைக் களைகளில் அது இருக்கும், வறண்டால் மரமேறும். அதைத் தின்னும் பேன்களும் பொறிவண்டும் அதே களையில்தான் இருக்கின்றன என்பதால் கணக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. பூவுள்ள தரையால் வரும் நிச்சயமான ஆபத்து வேறு. இதழ் உதிர்ந்ததும் மரத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது, மரத்தில் பூ இல்லை என்ற தைரியத்தில் அடிக்கிறார்கள். கீழே குளோவர் பூத்திருந்தால் மருந்து அதன்மேல் சொட்டும். தேனீ அங்கேதான் இருக்கும். அடிப்பதற்கு முன்பு தரைப்பூவை வெட்ட வேண்டும், மாலையில் தேனீ அடங்கிய பிறகு அடிக்க வேண்டும். பூவை வளர்த்துவிட்டு இதைச் செய்யாமல் விடுவது, வளர்க்காமல் இருப்பதைவிட மோசம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒத்த இடம் கன்னியாகுமரி மாவட்டம். மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனீ வளர்ப்பாளர்கள் ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் பெட்டிகளை ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். ரப்பரின் தேன் பூவிலிருந்து வருவதில்லை; இளந்தளிரின் இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் ஊறுகிறது. அதில் மகரந்தம் கிடையாது. புழு வளர்க்கத் தேவையான மகரந்தத்தைத் தேனீ தென்னையிலும், தோட்டத்தரையில் படர்ந்த தொட்டாற்சுருங்கியிலும் தேடுகிறது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்ப்ரூட் என்ற புழுநோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூடுகளைச் சூறையாடியது. அதிலிருந்து மீண்ட வளர்ப்பாளர்களுக்குக் கூட்டின் பலம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அங்கே பால்வெட்டும் ஆள் நடக்க வழி வேண்டும் என்று தொட்டாற்சுருங்கியை ஒழிக்கிறார்கள். முள் காலில் குத்தும், நியாயமான காரணம். நடக்கும் தடத்தில் மட்டும் வெட்டினால் அந்தக் காரணம் தீர்ந்துவிடும். ரப்பருக்குத் தேனீ வேண்டாம், ஆப்பிளுக்கு வேண்டும்; ஆகையால் இங்கே புல்லை விட்டுவைத்தால் தோட்டக்காரருக்கே லாபம், அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபம். குமரியில் இந்தப் பேச்சு கடினமாக இருப்பது அதனால்தான்.

குல்லுவில் இந்தப் பேச்சு எளிதாக இருக்க வேண்டும். ராய்சனைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் பெட்டி வாடகைக்கு வருகிறது. பூத்திருக்கும்போது மருந்தடிக்கக் கூடாது என்பது பெட்டி கொடுப்பவர்கள் சொல்லும் வழக்கமான நிபந்தனை. தோட்டக்காரர்களும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது நிபந்தனை ஒன்றையும் தோட்டக்கலைத் துறை சேர்க்கலாம்: பாத்திக்கு வெளியே களைக்கொல்லி கூடாது, மொட்டு சிவக்கும்வரை நடுப்புல்லை வெட்டக் கூடாது. இதற்குப் புதிய சட்டமும் மானியமும் தேவையில்லை. வாடகைச் சீட்டில் ஒரு வரி போதும். ஏற்கிறவருக்கு முதலில் பெட்டி என்று வரிசை வைத்தால், பூக்காலத்தில் பெட்டி கிடைக்காமல் அலைகிற அவசரமே அந்த வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடும்.